படித்துக் காட்டியவர்

புதுச் சேஃப்டி ஷூ கடித்த புண் நாலு நாளில் ஆறிவிடும் என்று அருள்பிரகாசம் சொல்லியிருந்தான். மூன்றாவது வாரமும் முடியப்போகிறது. குதிகாலில் அது ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இன்னும் ஈரமாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் களிம்பு தடவுவதை ஐரீன் அடுப்படியிலிருந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல் டீயை ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் ஒரு வாய் குடித்து, டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னா ஐரீனு, சக்கர டப்பாவ டீக்குக் காட்டிட்டு அப்டியே மூடிட்டியா?"

"உனுக்கு நாக்கு செத்துப்போச்சு. குடி."

அவன் சிரித்துக்கொண்டே மீதியையும் குடித்து முடித்தான். அவர்கள் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் பழகிய நாளிலிருந்து நீ, வா, போ தான். பதினாறு வருஷமாகியும் அது மாறவில்லை. மாமியார் எதிரில் மட்டும் அவளுக்கு 'நீங்க' வரும். அதைக் கேட்டால் அவனுக்குச் சிரிப்பு வரும்.

அவன் நொண்டிக்கொண்டே வண்டியை எடுத்துப் போன பிறகுதான் சாப்பாட்டு டப்பா மேஜையிலேயே இருப்பதைப் பார்த்தாள். இரண்டு சப்பாத்தி, முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு துண்டு வேகவைத்த மீன். ஏழு வாரமாக இப்படித்தான். ஏன் இப்படி என்று அவன் கேட்டதற்கு, தான் உடம்பு இளைக்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். "நீ இளைக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு கீரை துண்றேன்?" என்று கேட்டுவிட்டு அவன் சாப்பிட்டான். அவள் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற மனுஷன். அதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

அருளுக்கு வேலை திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில். பெட்டிகளைத் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் பெரிய வண்டியை ஓட்டுகிறான். போன வருஷம் சம்பளம் கூடியபோது வீட்டில் பிரியாணி செய்து கொண்டாடினார்கள். இருபத்தோராயிரத்தைத் தாண்டிவிட்டால் இ.எஸ்.ஐ. வைத்தியம் கிடையாது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஜூன் மாதத்தோடு அட்டை செல்லாது என்று யார்டு ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்கு மனுப் போட்டால், வருமானம் அதிகம் என்று திருப்பினார்கள். ஐரீனோடு ஆபீசில் வேலை பார்க்கும் சுப்புராயன், தன் அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன் செய்ததில் பெரியார் நகரில் இருந்த சொந்த வீட்டையே விற்றுவிட்டு வாடகைக்குப் போயிருந்தார். அவர் முகத்தைத் தினமும் எதிர் மேஜையில் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

அதனால் ஏப்ரல் முழுக்க மதிய இடைவேளைகளில் போனில் அலைந்தாள். மகளையும் சேர்த்து மூன்று பேருக்கு, தங்களால் கட்ட முடிகிற தொகையில், ஒரு பாலிசி. எல்லா இடத்திலும் முதலில் வயது கேட்டார்கள். அடுத்து நோய் கேட்டார்கள். வயதில் சொன்ன தொகை, நோயில் ஏறியது.

மே மாதம் பங்குக் கோயிலில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. பங்கில் இருபத்தைந்து வீடு சேர்ந்தால் ஒரு அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடி செபம் சொல்வார்கள். ஐரீன் அவர்களுடைய அன்பியத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு முன்பே எல்லோரும் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். ரிசல்ட் சீட்டுகளை மொத்தமாகக் கட்டி அந்தந்த அன்பியத்தின் செயலாளரிடம் தருவதும், அவர் புதன்கிழமை செபமாலைக்குப் பிறகு பேர் கூப்பிட்டுக் கொடுப்பதும் அந்தப் பங்கின் வழக்கம்.

நாற்பத்தொரு சீட்டு வந்தது. ஐரீன் நாற்பதைக் கொடுத்தாள்.

மீதி ஒன்று அருளுடையது. வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்றுப் பதினாலு. கீழே ஊதா மையில் முத்திரை: மருத்துவரை அணுகவும்.

அன்று ராத்திரியே கொடுத்திருப்பாள். ஆனால் காலையிலேயே சீட்டைப் பார்த்துவிட்டு, அன்று மதியம் ஒரு கம்பெனிக்குப் போன் செய்து, ஒரு பேச்சுக்குச் சர்க்கரை இருந்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தாள். மறுமுனையில் பேசிய பெண் தொகையைச் சொன்னாள். அவ்வளவா என்று ஐரீன் கேட்டதும், அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, டாக்டர் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். டாக்டரும் பார்க்கவில்லை, அவருக்கும் தெரியாது என்றால், அதை எப்படி நோய் என்று எழுதுவது மேடம் என்றாள்.

அந்த வார்த்தை ஐரீனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அருளுக்குத் தெரியாதவரை அருள் பொய் சொன்னவன் ஆகமாட்டான். பாலிசி கைக்கு வரட்டும். வந்த மறுநாளே சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போகலாம். சீட்டை நாலாக மடித்துக் கோயில் பாட்டுப் புத்தகத்தின் உறைக்குள் வைத்தாள்.

பாலிசி எடுத்தது மகிமாவிடம். தண்டையார்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வெள்ளத்துரை அண்ணாச்சியின் மருமகள் அவள். நாசரேத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கடையின் ஓரத்தில், அடுக்கிவைத்த எவர்சில்வர் குடங்களுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுக் காப்பீட்டு வேலை பார்க்கிறாள். விண்ணப்பம் இங்கிலீஷில் இருந்தது. அருள் தமிழ் நன்றாகப் படிப்பான், இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடுவான். அதனால் ஐரீனே ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லி நிரப்பினாள்.

நோய் பற்றிய இடம் வந்ததும், "சுகரு, பிரஷரு அப்டி எதும் இல்லதான?" என்று அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எனுக்கு இன்னா நோவு? டெய்லி இருவது டன்னு தூக்கறவன் நானு" என்றான். மகிமா சிரித்தாள். ஐரீன் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

கடைசிப் பக்கத்தில் அவள் எதிர்பார்க்காத ஒரு இடம் இருந்தது. விண்ணப்பத்தை வேறொருவர் நிரப்பியிருந்தால், கேள்விகளை விண்ணப்பதாரருக்குப் புரியும் மொழியில் முழுவதும் படித்துக் காட்டினேன், அவர் சொன்னதையே எழுதினேன் என்று அவர் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஐரீன் போட்டாள்.

அவள் வேலையே இந்த மாதிரித் தாள்களோடுதான். துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீசில் பதினோரு வருஷம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கஸ்டம்ஸுக்கு எழுதிக் கொடுக்கிற தாளைத் தினமும் அவள்தான் டைப் செய்கிறாள். தாளில் ஒன்றும் பெட்டியில் வேறொன்றும் இருந்து மாட்டிக்கொண்டவர்கள் அவள் மேஜை முன்னால் வந்து உட்காருவார்கள். எங்களுக்குத் தெரியாது, அனுப்பியவர் சொல்லவில்லை என்று சத்தியம் செய்வார்கள். ஐரீன் அவர்களுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை. தாளில் கையெழுத்துப் போட்டது யார் என்று மட்டும் கேட்பாள்.

பாலிசிப் பத்திரம் ஜூன் இருபத்தொன்றாம் தேதி வந்தது. பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று மகிமா சொல்லியிருந்தாள். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்த ஐரீன் மறுநாள் சொல்லவில்லை. இப்போது டாக்டரிடம் போனால் சீட்டில் இன்றைய தேதி விழும். பாலிசி எடுத்த மறுநாளே நோயா என்று கேட்பார்கள். கொஞ்ச நாள் போகட்டும். அதுவரை தன் சமையலாலேயே இறக்கிவிடலாம். இப்படி ஒவ்வொரு நாளாகத் தள்ளினாள். ஞாயிறு பூசையில் நன்மை வாங்கும் நேரம் எல்லோரும் நற்கருணை அப்பத்துக்கு எழுந்து போக, பாவத்தை மனதில் வைத்துக்கொண்டு வாங்கக்கூடாது என்று அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று அருள் கேட்டதற்கு, இப்பதான் டீ குடிச்சேன், நன்மை வாங்க ஒரு மணி நேரம் வயிறு காலியா இருக்கணும் என்றாள். அந்தப் பொய்யையும் அவன் நம்பினான்.

சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஐரீன் பஸ் ஏறினாள். அன்று அவளுக்கு லீவு. மகள் ரூத் டியூஷனுக்குப் போயிருந்தாள். காசிமேட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியே வந்த மீன் வாடையும், எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்க வரிசையாக நின்ற டிரெய்லர்களின் டீசல் புகையும் சேர்ந்து அவள் முகத்தில் அடித்தன. அந்தப் புண்ணைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

யார்டு வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. போன் போட்டுச் சொல்லியாச்சு, பெட்டியை இறக்கிவிட்டு வருவார், எதிரில் டீக்கடையில் உட்காருங்கள் என்றார். தகரக் கூரை போட்ட கடை. கடைக்கார எத்திராஜ், அவள் யாரென்று தெரிந்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டான்.

"அருளண்ணன் வூட்டுக்காரம்மாவா? உக்காருக்கா. அண்ணன் நம்ம டெய்லி கஸ்டமரு. காலைல வந்ததும் ரெண்டு டீ, சக்கர தூக்கலா. ஒரு பட்டர் பன்னு. சாயங்காலம் போசொல்ல இன்னொரு டீ, பன்னு."

ஐரீன் அவனையே பார்த்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள்.

"ஒன்றர மாசம் ரெண்டு மாசமா. முன்னல்லாம் எப்பயாச்சும்தான் வருவாரு." எத்திராஜ் பாலை ஆற்றிக்கொண்டே சிரித்தான். "தப்பா நென்ச்சிக்காதக்கா. வூட்டுல டீ சப்புனு கீதாம். சொன்னா அவ மனசு நோவும், அதான் அங்க குடிச்சிட்டு இங்க வந்து வாயி கழுவிக்கிறேன்னு சொல்லுவாரு."

ஏழு வாரமாக அவள் ஒரு ஸ்பூன் எடுத்ததற்கு அவன் இங்கே நாலு ஸ்பூன் போட்டுக்கொண்டிருந்தான். அவள் மனது நோகக்கூடாது என்பதற்காக.

அருள் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தான். மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, வலது குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நடந்தான். டப்பாவோடு அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு எத்திராஜையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, மாட்டிக்கொண்டவன்போல் சிரித்தான். எத்திராஜ் வழக்கப்படி ஒரு கிளாஸை அவன் கையில் வைத்தான்.

அவன் அதை வாய்க்குக் கொண்டுபோகும் முன் ஐரீன் எழுந்து கிளாஸைப் பிடித்தாள்.

"குடிக்காத. உனுக்கு சுகரு கீது."

அவன் விளையாட்டு என்று நினைத்தான். அவள் கிளாஸை விடாமல் பிடித்திழுத்ததில் டீ அவள் விரல்மேல் சிந்தியது. அதைப் பார்த்த பிறகு அவன் சிரிப்பு நின்றது. ஐரீன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பத்தொன்றாவது சீட்டு, அதில் இருந்த எண், போனில் பேசிய பெண், பாட்டுப் புத்தகத்தின் உறை, மகிமாவின் மேஜையில் தெரிந்தே 'இல்லை' என்று டிக் போட்டது எல்லாம். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழவில்லை. டிரெய்லர் போகும்போதெல்லாம் நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து சொன்னாள். எத்திராஜ் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அருள் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான்.

"ரெண்டு மாசமா உனுக்குத் தெரியும்."

"ம்."

"இந்தக் காலு ஆறாம கீறது தெனம் பாத்துகினு இருந்த."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"பாரத்துல நீ இன்னாத்த எழுதுனா இன்னா. அது எவனோ ஒரு கம்பெனிக்காரன்." அவன் குரல் உயரவில்லை. "என் ஒடம்பு சேதி எங்கையில வர வேண்டிய சீட்டு. ஊருக்கெல்லாம் பேர் கூப்ட்டுக் குடுத்த. நான் உன் பக்கத்துலதான குந்திகினு இருந்தேன்."

வண்டி நிற்கிறது என்று சொல்லி அவன் எழுந்தான். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டான். டீ அப்படியே இருந்தது.

சாயங்காலம் அவன் வருகிற நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது கையில் மருந்துக் கவர் இருந்தது. தனியாகவே டாக்டரிடம் போயிருந்தான். சாப்பிட்டபின் முன்னூற்றுப் பதினெட்டு. நல்லவேளை புண் ஆழமாகப் போகவில்லை, இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இதை அவன் ரூத்திடம் சொன்னான். ஐரீனின் காதில் விழும்படிதான் சொன்னான். மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்பதையும் மகளிடமே காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மூன்று பேரும் போனார்கள். நன்மை வாங்கும் நேரம் ரூத் எழுந்து வரிசையில் போனாள். ஐரீன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அருளும் எழுந்திருக்கவில்லை. நீ போ என்று மெல்லச் சொன்னாள்.

"உம்மேல கோவத்த வெச்சிகினு எப்டிப் போயி வாங்கறது?" என்றான் பீடத்தைப் பார்த்தபடி.

இரண்டு பேரும் காலியான பெஞ்சில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போனவர்கள் எல்லோரும் திரும்பி வரும்வரை அப்படியே இருந்தார்கள். பூசை முடிந்ததும் ஐரீன் ரூத்தை அவனோடு அனுப்பிவிட்டு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். வெளியே வந்தபோது அவன் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வாசலில் காத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை பாத்திரக்கடைக்குப் போனார்கள். பத்திரத்தைத் திருப்ப இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்தது. ஐரீன் எதையும் மறைக்காமல் சொல்ல, மகிமா மேஜைமேல் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா நீங்க. ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்லா?" என்றாள். "சுகர் உள்ளவங்களுக்கும் பாலிசி இருக்கு. பணம் கூடத்தான் ஆகும். சுகரால வர்ற வைத்தியத்துக்கு மொதல்ல கொஞ்ச காலம் தரமாட்டாவ, மத்த எல்லாத்துக்கும் உண்டு. அண்ணனுக்கு நாளைக்கு ஒண்ணு ஆகி, நீங்க ஆஸ்பத்திரில நிக்கும்போது மறச்சிட்டீங்கன்னு அவன் கைய விரிச்சா என்னக்கா செய்வீங்க?"

பழையதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வந்தது. ரூத்தின் டியூஷனை நிறுத்த வேண்டியதில்லை, தான் மாதாமாதம் கட்டும் ஏலச்சீட்டை நிறுத்தினால் சரியாகும் என்று ஐரீன் பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள். சர்க்கரைக்குத் தரமாட்டார்கள் என்ற அந்தக் கொஞ்ச காலத்தைத்தான் மாத்திரையாலும் கீரையாலும் தாண்ட வேண்டும்.

மகிமா பழைய பாலிசியைத் திருப்பும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, புது விண்ணப்பத்தை எடுத்து வைத்தாள். இந்தத் தடவை நானே கேட்டு நிரப்பிக்கிடுதேன் என்று பேனாவைத் திறந்தாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஐரீன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றான் அருள். "அது அவளே படிக்கட்டும். டிக்கு நான் போட்டுக்கறேன்."

மகிமா ஐரீனைப் பார்த்தாள். பிறகு தாளை அவள் பக்கம் திருப்பி, பேனாவை அருளிடம் கொடுத்தாள்.

ஐரீன் படித்தாள். பெயர், பிறந்த தேதி, உயரம், எடை. அடுத்த பக்கத்தில் நோய்களின் பட்டியல் நீளமாக இருந்தது. எதையும் சேர்த்துச் சொல்லாமல், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, என்னவென்று தமிழில் விளக்கி, அவன் டிக் போடும்வரை காத்திருந்தாள். சர்க்கரை வந்தது. அவன் 'ஆம்' கட்டத்தில் அழுத்தி டிக் போட்டான்.

அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. ஐரீன் அதை ஒருமுறை மனதுக்குள் படித்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"நோய் இருப்பது முதன்முதலில் எந்தத் தேதியில் தெரிய வந்தது?"

அவன் பேனா தாளின் மேல் நின்றது. கடையின் முன்பக்கம் யாரோ ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்து விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்குத் தெரிஞ்ச தேதி போடட்டும்? உன்னுதா, என்னுதா?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மூன்று நாளாக வராமல் இருந்த கண்ணீர் அப்போது வந்தது. துடைத்துக்கொள்ளாமலே சொன்னாள்.

"என்னுது. மே இருவத்தொண்ணு."

அவன் ஒவ்வொரு எண்ணாக, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினான். எழுதிவிட்டு அந்தத் தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவளைப் பார்க்காமலே அவள் பக்கம் நகர்த்தினான்.

"அடுத்தது படி ஐரீனு," என்றான்.

சனிக்கிழமைக்குப் பிறகு அவன் அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த கேள்வியை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை படித்தாள்.